போர்ட் டிக்சனில் கடைசி வாணம்

"ஹலோ... ஹலோ... ஆமா, கோலாலம்பூர்தான், பிரிக்பீல்ட்ஸ்... சரி, சரி, மூணு நிமிஷம், தெரியும்... ஹலோ, கம்பெனி பங்களாவா? யாரு, சமையக்காரரா? ஹெட் கிராணியக் கொஞ்சம் கூப்பிடுங்கண்ணே. அவரு வீட்டுலேர்ந்து பேசறேன்... கடலுக்குக் குளிக்கப் போயிருக்காரா?... ஓ, வந்துட்டாரா. சரி. குடுங்க."

டிஸ்பென்சரிச் சுவரில் டெலிபோன் பெட்டி உயரத்தில் இருந்தது. புஷ்பவல்லி குதிகாலைத் தூக்கி நின்று, குழலை இடது காதோடு அழுத்திக்கொண்டாள். டாக்டர் சண்முகரத்தினம் மருந்து வாங்க வந்தவர்களை வெளி வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, பாதிக் கதவைச் சாத்திப் போயிருந்தார். அவளிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததே போதுமாயிருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தம்புசாமி அவள் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தான். சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் அவள் தம்பி நாகையாவோடு மூட்டை தூக்குகிறவன். வலது கை தோள் வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகு சொன்னான். வியாழக்கிழமை விடியும்போதே செரம்பான் ஆஸ்பத்திரியில் நாகையாவின் உயிர் போய்விட்டது. அன்றைக்கே அங்கேயே புதைத்தும் விட்டார்கள். திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் விசாரணை. அக்காவுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் துக்கம் கேட்க வந்ததாகவும் சொன்னான்.

இன்று சனிக்கிழமை. இரண்டு நாளாக அவள், ஆஸ்பத்திரியில் கிடக்கிற தம்பி பிழைக்கட்டும் என்று மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நேரே இங்கே நடந்து வந்தாள். வழியில் ஒன்றே ஒன்றைத்தான் தீர்மானித்திருந்தாள். புருஷன் தானாகச் சொல்கிறாரா என்று முதலில் பார்ப்பது.

"ஹலோ... ஆமா, நான்தான்... இல்ல, சும்மாதான் கூப்பிட்டேன்... டாக்டரு டிஸ்பென்சரிலேர்ந்து... பிள்ளைங்க நல்லா இருக்காங்க. ரமணி அதத்தான் இன்னும் பேசிக்கிட்டுக் கெடக்கா. ஆமா, ஆமா, வாணவேடிக்கையத்தான். கடைசியா வந்துச்சே பெரிய வெளிச்சம், அதத்தான்... பேப்பர்ல போட்டிருக்கா?... துரைக்குச் சந்தோஷமா... ம்... கையப் புடிச்சுச் சொன்னாரா... ம்."

அவர் குரலில் கடல்காற்று அடித்த தெம்பு இருந்தது. அவள் புருஷன் ரெங்கசாமி ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் பெரியவர். இங்கிலாந்து ராஜாவின் முடிசூட்டு விழாவுக்காகக் கம்பெனி அந்த வருஷம் போர்ட் டிக்சனில் ஒரு பங்களாவை ஒரு வாரத்துக்கு எடுத்திருந்தது. முன்பக்கம் துரைமார்களுக்கு, பின்கட்டு அறைகள் கிராணிமார்களுக்கு. வாணவேடிக்கையை ஏற்பாடு செய்யும் பொறுப்பு ரெங்கசாமிக்கு வந்தது. அதற்காகவே அவர் புது அல்பாக்கா கோட்டுத் தைத்துக்கொண்டார்.

புஷ்பவல்லி தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தவள். இருபத்தேழு வயதில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்த இரண்டு நாளும் பெண் பிள்ளைகளோடு சிப்பி பொறுக்கினாள். புதன்கிழமை இருட்டியதும், துரைமார்களின் நாற்காலிகளுக்குப் பின்னால் போட்டிருந்த பெஞ்சியில் உட்கார்ந்தாள். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தொங்காங் என்கிற சரக்குப் படகு ஒன்றை நங்கூரம் போட்டு நிறுத்தி, அதிலிருந்துதான் வாணங்களை விட்டார்கள். ஒன்று மேலே போய்ச் சிவப்பாக உதிர்ந்தது. அடுத்தது பச்சை. அதற்கடுத்தது வெள்ளிப் பொடியாகக் கடல்மேல் இறங்கி, தண்ணீரைத் தொடும் முன்பே அணைந்தது. மூத்தவள் ரமணி ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணினாள். புஷ்பவல்லிக்கு வாய் மூடவில்லை. வாழ்க்கையில் நமக்கும் இப்படி ஒரு நாள் வந்ததே என்று நினைத்தாள்.

பிறகு படகு முழுக்க ஒரே வெளிச்சம். தண்ணீர் கரை வரைக்கும் ஆரஞ்சு நிறமானது. சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. துரை எழுந்து நின்று கை தட்டினார். அவர் தட்டியதைப் பார்த்துக் கடற்கரையே தட்டியது. அவளும் எழுந்து, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டே தட்டினாள். படகிலிருந்த தம்பியை அன்றிரவே செரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; லேசான தீக்காயம்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ரெங்கசாமி அவளையும் பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"ஆமாங்க, நானுந்தான் தட்டுனேன். நல்லாத்தான் தெரிஞ்சுது எங்களுக்கெல்லாம்... ம்... ம்... ஏங்க, தம்பி எப்படி இருக்கான்?"

கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பரவால்லையா... நேத்துப் போய்ப் பாத்தீங்களா? ... காய்ச்சல் விட்டுடுச்சா... கஞ்சி குடிச்சானா? ... எவ்வளவு குடிச்சான்?... அரைக் கிண்ணமா. அவனே கையால எடுத்தா, நர்சு குடுத்தாங்களா?... ஓ. நர்சு குடுத்தாங்களா."

அவளுடைய வலது கை பெட்டியின் ஓரத்தைப் பிடித்திருந்தது. ஏழு வருஷம் குடித்தனம் செய்த மனிதர். காய்ச்சல் விட்டதையும் கஞ்சி குடித்ததையும் ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னார். அரைக் கிண்ணம் என்று அளவு கூடச் சொன்னார்.

"என்னைக் கேட்டானா? ... கேட்டானா. என்ன கேட்டான்? ... அக்காவ அழ வேணாம்னு சொல்லச் சொன்னானா... போதுங்க. போதும், நிறுத்துங்க. தம்புசாமி வந்திருந்தாரு."

எந்தத் தம்புசாமி என்று கேட்டார் அவர்.

"ஆமா. படகுல கூட இருந்தாரே, அவருதான்... எல்லாத்தையும்தான் சொன்னாரு... அவர ஏன் திட்டறீங்க? அவரு வாயத் தெறக்காம இருந்திருந்தா எத்தன நாளைக்குக் கஞ்சி ஊத்தியிருப்பீங்க எந்தம்பிக்கு? ... என் நல்லதுக்கா. ம். என் நல்லதுக்கு... பாக்குற மாதிரி இல்லையா மொகம். அத நான் பாக்கணுமா வேணாமான்னு என்னைக் கேட்டீங்களா? ... யாரு மண்ணு தள்ளுனா? ... ஆஸ்பத்திரி ஆளுங்களா. நீங்க போகலயா... இல்ல, சொல்லுங்க. வியாழக்கெழம எங்க இருந்தீங்க? ... துரையோட கடல்ல படகுலயா."

இடையில் எக்ஸ்சேஞ்சுக்காரன் குறுக்கிட்டான்.

"ஆமாங்க, இன்னும் மூணு நிமிஷம் குடுங்க. டாக்டர் கணக்குலதான்... ஹலோ. இருக்கீங்களா? நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. அந்த வாணக்காரச் சீனரு அன்னிக்கு மத்தியானம் என்ன சொன்னாரு?"

அவளுக்கு அந்தப் பதில் தேவையில்லை. அவள் அப்போது பின்கட்டு வராந்தாவில்தான் இருந்தாள், மீன் ஆய்ந்துகொண்டு.

புதன்கிழமை மத்தியானம் பெரிய மழை கொட்டியது. படகிலிருந்த பெட்டிகளில் பாதி நனைந்தது. கோலாலம்பூரிலிருந்து வரவழைத்திருந்த வாணக்காரச் சீனர், ஈரப்பட்ட திரியை நம்ப முடியாது, எது எப்போது பிடிக்கும் என்று தனக்கே தெரியாது, ஒரு நாள் வெயிலில் காயட்டும், நாளைக்கு விடலாம் என்று கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். துரைமார்கள் எல்லாரும் வந்தாகிவிட்டது, நாளைக்கு என்றால் என் தலை போய்விடும் என்றார் ரெங்கசாமி. சீனர் ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு மழையிலேயே நடந்துபோய்விட்டார்.

நாகையா வேலைக்கு வந்தவன் இல்லை. விடுமுறைக்கு அக்கா பிள்ளைகளோடு ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று தம்புசாமியையும் கூட்டிக்கொண்டு வந்தவன். கையில் இரண்டு அன்னாசிப்பழம். ரெங்கசாமி அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார். திரியில் நெருப்பு வைக்க ஒரு படிப்பு வேண்டுமா என்றார்.

நாகையா அக்காவைப் பார்த்தான். அம்மா செத்தபோது அவனுக்கு ஆறு வயது; அன்றிலிருந்து எதற்கும் அவளைப் பார்த்துப் பழகியவன். "போகட்டுமாக்கா?" என்று கேட்டான்.

அவள் கையில் மீன் இருந்தது. சீனர் சொன்னது காதில் விழுந்திருந்தது. புருஷன் முகத்தில் இருந்த பதற்றமும் கண்ணில் பட்டது. "மச்சான் சொல்றாருல்ல, போய்ட்டு வா" என்று சொன்னாள்.

"இப்பவாச்சும் சொன்னீங்களே. ஆமா, அவரு வேணாம்னுதான் சொன்னாரு. எனக்கும் தெரியும். நானும் கேட்டேன்... என்ன? ... திங்கக்கெழம என்னையும் கூப்பிடுவாங்களா. கூடப்பொறந்தவன்னு... ம். சொல்லுங்க. என்ன சொல்லணும் நான்?"

இப்போது அவர் குரல் இறங்கியிருக்க வேண்டும். அவள் குழலை இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"பீடி குடிப்பான்னு... ம். அன்னிக்குக் கள்ளுக்கடைக்குப் போனான்னு... நான் பாத்தேன்னு சொல்லணுமா? ... ம். அவனே ஆசப்பட்டு ஏறுனான்னு... வேணாம்னு நீங்க தடுத்தீங்கன்னு. தடுத்தும் கேக்காமப் போனான்னு. அப்படியா? இன்னும் ஏதாச்சும் இருக்கா? ... தம்புசாமிகிட்டயும் சொல்லியாச்சா... என்னா சொன்னாரு அவரு? ... யோசிக்கிறேன்னா."

நாகையா பீடி குடித்ததில்லை. துறைமுகத்தில் கூட வேலை செய்கிறவர்கள் அதற்காகவே அவனைக் கேலி செய்வார்கள். இதை இந்த மனிதரும் அறிவார். தீபாவளிக்குத் தீபாவளி அவனுக்குக் கடலை மிட்டாய் வாங்கி வைத்து, குழந்தை வந்துட்டாண்டி என்று சிரித்தவர்தான்.

அவர் விடாமல் பேசினார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் அவளுக்குப் புரிந்தது. வேலை போகும். கம்பெனி கொடுத்த வீட்டைவிட்டு இறங்க வேண்டி வரும். ரமணியை அடுத்த வருஷம் கான்வென்டில் சேர்க்கத் துரை எழுதித் தருவதாகச் சொன்ன கடிதம் வராது. ஒருவேளை ஜெயில்கூட. இதில் ஒன்றும் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். போனவன் திரும்பி வரவும் மாட்டான்.

"தெரியுதுங்க... தெரியுது. ரெண்டு பொட்டப்புள்ளைங்க, ஆமா... எனக்கு மட்டும் ஆசையா? ... நான் ஒண்ணும் உங்கள அழிக்கணும்னு பேசல... அழாதீங்க. நீங்க அழுதா எனக்குத் தாங்காது, ஆனா இன்னிக்கு அழாதீங்க. ரெண்டு நாளு முந்தி அழுதிருக்கணும். செரம்பான்ல, அந்தக் குழிகிட்ட நின்னு அழுதிருக்கணும். அப்ப அழுதிருந்தா இப்ப நானும் உங்களுக்கு என்னமோ சொல்லியிருப்பேன், பொய்யக்கூட."

அவளுக்கே அது உண்மை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் நேரே வீட்டுக்கு வந்து, கதவருகே நின்று, போயிட்டாண்டி, நான்தான் அனுப்பினேன் என்று சொல்லியிருந்தால், அவள் கோர்ட்டில் எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பாள். அவரோ அதற்குப் பதிலாகக் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

கதவுக்கு வெளியே ஒரு குழந்தை இருமியது. டாக்டர் யாருக்கோ மருந்து சாப்பிடும் விதத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். குழலைக் கை மாற்றிக்கொண்டாள்.

"இங்க பாருங்க, நான் சொல்றத முழுசாக் கேளுங்க. நாளைக்குக் காலைல மொத ரயிலுக்கு நான் செரம்பான் போறேன்... இல்ல, நீங்க வரவேணாம். தம்புசாமி கூட வராரு... அவன எங்க பொதைச்சாங்கன்னு அவருக்குத் தெரியும். மொதல்ல அங்க போவேன். திங்கக்கெழம கோர்ட்டுக்குப் போவேன்... ஆமா, பேசத்தான் போறேன். மழ பெஞ்சுது, சீனரு வேணாம்னாரு, இது ரெண்டையும் சொல்லுவேன். போகட்டுமான்னு அவன் கேட்டான், போன்னு நான் சொன்னேன். அதையும் சொல்லுவேன், மறைக்க மாட்டேன். வாணம் வெடிக்கிறப்போ எந்தம்பி எரியறதப் பாத்து நான் கை தட்டுனேன், அதையும் கேட்டாச் சொல்லுவேன்."

இடையில் அவர் ஏதோ கத்தினார். அவள் குழலைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அது அடங்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

"முடிஞ்சுதா? ... இன்னும் ஒண்ணு இருக்கு. ஏழு வருஷமா உங்க பேர இந்த வாயால நான் சொன்னதில்ல. ரமணி பொறந்தப்ப ஆஸ்பத்திரியில அப்பா பேரு என்னன்னு கேட்டாங்க. பக்கத்துக் கட்டில்காரம்மாவ விட்டுத்தான் சொல்லச் சொன்னேன்... தெரியும்ல உங்களுக்கு. சிரிச்சீங்களே அன்னிக்கு. திங்கக்கெழம மாஜிஸ்திரேட்டு கேப்பாரு, அந்தப் பையன அதுல ஏத்தி விட்டது யாருன்னு... ஆமா. சொல்லத்தான் போறேன்... எதுக்கு இப்ப என் பேரக் கூப்பிடறீங்க... வேணாம். வேணாங்க. நீங்க கூப்பிட்டா எம்மனசு எறங்கிடும், கூப்பிடாதீங்க."

மறுபடியும் எக்ஸ்சேஞ்சுக்காரன் வந்தான். நேரம் முடிந்தது, இன்னும் மூன்று நிமிஷம் வேண்டுமா என்று அவளைத்தான் கேட்டான். அவன் குரலுக்குப் பின்னால் அவள் புருஷன் பேசிக்கொண்டேயிருந்தது கேட்டது.

"இல்லங்க, போதும். ஹாபிஸ். முடிஞ்சிடுச்சு, வெட்டி விடுங்க."

கம்பியில் ஒரு சொடக்குச் சத்தம் கேட்டு, எல்லாம் அடங்கியது. அவள் குழலைக் கொக்கியில் மாட்டினாள். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில், "ரெங்கசாமி" என்றாள்.

முதல் தடவை நாக்குத் தடுமாறியது. இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை தடுமாறாமல் வந்தது.