டாக்டர் துரை கேட்ட சாப்பாடு

யுத்த காலம், பெட்ரோல் கிடைக்கவில்லை. சேலத்திலிருந்து கரியில் ஓடிய பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கொல்லிமலைக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வயிற்றுப்புண்ணுக்காக இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அன்றுதான் அவர் ஊர் திரும்புகிறார்.

"நான் ஊட்டுல தின்னதையெல்லாம் வெள்ளக்கார டாக்டர் தொரை தெனமும் கேட்டு எழுதிக்குவாரு."

"அது எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"இந்தப் புண்ணு எதனால வருதுன்னு ஆராய்ச்சி பண்றாரு. சாமைச்சோறு, மொச்சைக் கொழம்புன்னு சொல்லுவேன். ஒரு வாரத்துல எழுதி முடிச்சுட்டாரு. அப்பறம் நானேதான், 'இன்னிக்குக் கேக்கலீங்களா'ன்னு கேப்பேன்."

"ஊட்டுக்குப் போனதும் மொச்சைக் கொழம்பு வெக்கறேனுங்க."

"இனிமேப்பட்டுப் பாலும் கஞ்சியுந்தான்னு சொல்லிட்டாரு."

"அப்ப நானும் வெக்கலீங்க."

"நீ வெச்சுத் தின்னு புள்ள. தின்னுட்டு, எப்படி இருந்துச்சுன்னு ஒண்ணு விடாம எங்கிட்டச் சொல்லு."