கைதட்டாதீர்கள், சிட்டுவுக்கு வலி எடுத்திருக்கிறது

ஆள் எழுந்து போனாலும் அதிகாரம் எழுந்து போகாத தலைவர் நாற்காலி அவர்களே! அதன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மட்டும் அமர வைத்துவிட்டுச் சென்றிருக்கும் கால்நடை மருத்துவர் அம்மையார் அவர்களே! ஆட்டுக்குத் தழை போடாமல் தாம் ஒரு வாய் உண்ணாத தாய்மார்களே! கிடாவின் கொம்பைப் பிடித்து வீரம் வளர்த்த பெரியோர்களே! இந்தப் பாராட்டு விழாவின் நாயகரும், தமக்குக் கட்டிய சிவப்பு ரிப்பனைத் தாமே மென்றுகொண்டிருப்பவருமான போயர் இனக் கிடா பீரங்கி அவர்களே! அனைவருக்கும் என் அடங்கிய குரலில் வணக்கம்.

தட்டாதீர்கள்! கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். மேடைதோறும் கைதட்டலுக்கு ஏங்கியே தலை நரைத்தவன், இன்று கைதட்டலை நினைத்து நடுங்குகிறேன். ஏன் தெரியுமா? இந்தத் திரைக்குப் பின்னால் என் தங்கையின் ஆடு சிட்டு, குட்டி ஈன முடியாமல் முக்கிக்கொண்டிருக்கிறது. பீரங்கியின் முதல் வாரிசைச் சுமப்பவள் என்று உங்களிடம் காட்டத்தான் வண்டியேற்றிக் கூட்டிவந்தோம். வந்த இடத்தில் வலி கண்டுவிட்டது.

மருத்துவர் அம்மா உள்ளே ஓடும்போது சொன்னார்: "ஐயா, குட்டிக்குத் தலை பெருசு. நீங்க பாட்டுக்கு மெதுவா பேசிக்கிட்டே இருங்க. கூட்டம் கலைஞ்சு சத்தம் போட்டா ஆடு மிரண்டு முக்கறத நிறுத்திடும்."

ஆகவே பேசுகிறேன்.

சிட்டு யார்? உருவத்தில் ஒரு தலையணை. பாலிலே ஒரு பேராறு! அவள் மடி சுரந்தால் அணைக்கட்டுக்காரர்கள் அலறியடித்துக்கொண்டு மதகை மூட ஓடுவார்கள். பசும்பால் வாயில் பட்டாலே கக்கிவிடும் என் மருமகள், தங்கை பெற்ற கடைக்குட்டி, இந்த ஆட்டுப்பாலில்தான் எழுந்து நடந்தாள். இந்த ஒன்றில் மட்டும் நான் ஒரு சொட்டும் கூட்டிச் சொல்லவில்லை.

பீரங்கி யார்? கறிக்கென்றே வளர்த்தெடுத்த இனத்தின் கோமகன்! அவர் இறங்கியபோது லாரி நிமிர்ந்து நின்று பெருமூச்சு விட்டது. அவர் நிழல் விழுந்த இடத்தில், பொழுது சாய்ந்ததென்று கோழிகள் கூட்டுக்குள் அடைந்தன. பார்த்ததுமே நம் தலைவருக்கு, அதாவது என் தங்கை கணவருக்கு, கண் சொக்கிவிட்டது.

"மச்சான், அப்பன்கிட்ட கறி, ஆத்தாகிட்ட பாலு. ரெண்டும் ஒரே குட்டில வந்தா எப்படி இருக்கும்?"

"ஏங்க, அவ இடுப்பப் பாத்தீங்களா? அந்தக் குட்டி எந்த வழியா வரும்?" என்றாள் தங்கை.

"வர்றப்ப பாத்துக்கலாம்டி!"

வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கிறார், சிட்டுவின் தலையை மடியில் ஏந்தியபடி.

பின்வரிசையில் யாரது? "எங்க ஆடும் பீரங்கிகிட்ட சேத்ததுதாண்ணே! இப்ப என்ன பண்றது?" என்கிறார். குரலைத் தாழ்த்துங்கள் தம்பி. மருத்துவர் அம்மா வெளியே வந்ததும் முதல் ஆளாக அவரிடம் கேளுங்கள். அதுவரை, கொழுகொழுவென்று குட்டி வேண்டுமென்று தானியத்தை அள்ளிக் கொட்டாதீர்கள்.

ஐயோ, அந்தக் கதறல் கேட்டதா?

அன்பர்களே! தகப்பனைத் தராசில் ஏற்றினோமே, தாயின் இடுப்பை ஒரு சாணாவது அளந்தோமா? கொம்பைப் பார்த்தோம், தோளைப் பார்த்தோம், தொடையைத் தட்டித் தட்டிப் பார்த்தோம், பெறப்போகிறவளைப் பார்த்தோமா? பெரிய கிடாவைப் பெரிய ஆட்டோடு சேருங்கள்! சின்ன ஆட்டுக்குச் சின்னக் கிடாவைத் தேடுங்கள்! பாலுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று என்று கொட்டிலில் இரண்டு ஆடு நின்றால் கூரை இடிந்துவிடுமா? உங்கள் ஆசை அத்தனையையும் ஒரே வயிற்றில் திணிக்கிறீர்களே, அது வயிறா, கிடங்கா?

தட்டாதீர்கள் ஐயா! காலில் விழுந்து கேட்கிறேன்.

திரை அசைகிறது. மருத்துவர் அம்மாவின் கை மட்டும் நீள்கிறது. "துணி! சீக்கிரம்!" துணிக்கு எங்கே போவேன்? பீரங்கிக்குப் போர்த்த வைத்திருக்கும் வெல்வெட்தான் இருக்கிறது. பிடியுங்கள் அம்மா!

கேட்டதா? குட்டி கத்துகிறது! பொறுங்கள், தட்டாதீர்கள். தாயின் குரல் இன்னும் வரவில்லை.

மாப்ள, சிட்டு எப்படி இருக்கு? மாப்ள!

திரையில் காதை வைக்கிறேன். பேச்சை நிறுத்துகிறேன். இந்த வாய் தானாக நிற்பது இதுவே முதல் முறை.

"அண்ணே!" என் தங்கையின் குரல். "எந்திரிக்க முடியலண்ணே. ஆனா நக்குறா! குட்டிய நக்குறா!"

தொண்டைக்குள்ளேயே உருளுகிறதே ஒரு சத்தம், கேட்கிறதா? குட்டியைக் கூப்பிடுகிறாள்.

வந்தவர்களுக்கும், வாய்மூடி இருந்தவர்களுக்கும் நன்றி. எழுந்து போகும்போது நாற்காலியை இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள். குட்டி மடியைத் தேடிக்கொண்டிருக்கிறது.

வணக்கம்.