ஒரு சாண் தள்ளி

பெயிண்ட் அடித்த சுவரில் டைல்ஸ் நிற்காது, ஐயா. அந்த வழவழப்பில் சிமெண்ட் பிடிக்காது. ஒட்டினாலும் சில மாதங்களில் கழன்று விழும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும். பிறகு சுவர் முழுக்க உளியால் கொத்த வேண்டும்.

என் அண்ணன் டைல்ஸ் மேஸ்திரி. ஊரில் பாதி அடுப்படி அவன் கைவேலை. எங்கள் வீட்டு அடுப்படிக்கு மட்டும் அவனுக்கு நேரம் கிடைத்ததில்லை. கல்யாணமாகி வந்த அண்ணிதான் அவனை விடவில்லை.

“ஊருக்கெல்லாம் மேஸ்திரி. இங்க நான் குழம்புக்குத் தாளிச்சா சுவத்துக்கும் சேத்துத்தான் தாளிக்கிறேன்.”

அண்ணன் சிரிப்பான். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்த காலத்தில் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

அவள் கெட்டவள் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். டைல்ஸ் வேலை முடிந்ததும் என்னைப் பெண்கள் விடுதியில் சேர்க்கலாம் என்று அண்ணனிடம் சொன்னாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்.

“அவளும் நாலு பேரோட பழகட்டுமே. எத்தனை நாளைக்கு உங்க முதுகுக்குப் பின்னாலயே நிப்பா?”

“பாக்கலாம்,” என்றான் அண்ணன். முடியாது என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன். பிறந்ததிலிருந்து நான் வேறொரு வீட்டில் தூங்கியதில்லை, ஐயா.

வீட்டுச் சுவரில் உளி வைக்கும்போது நான் மெயின் சுவிட்ச் பக்கத்தில் நிற்க வேண்டும். அது எங்கள் பழக்கம். அவன் உள்ளேயிருந்து “நிறுத்திட்டியா?” என்பான். நான் “நிறுத்திட்டேன்” என்பேன். அவன் வந்து பார்த்ததே இல்லை.

சுவருக்குள் ஒயர் போகிற இடத்தை அண்ணன் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினான். பிசுக்கைக் கழுவியது நான். கழுவும்போது கோடு அழிந்தது. திரும்பப் போட்டதும் நான்தான். ஒரு சாண் தள்ளிப் போட்டேன். அண்ணிதான் கொத்தப் போகிறாள் என்பது முந்தின நாளே எனக்குத் தெரியும். அந்த வேலையை ஆசையாகக் கேட்டு வாங்கியிருந்தாள்.

“விரலைக் கொத்திக்கிட்டு எங்கிட்ட வந்து அழக் கூடாது,” என்று அண்ணன் உளியைக் கொடுத்தான். “கோட்டுக்கிட்ட மட்டும் போகாதே.”

“சரிங்க மேஸ்திரி.”

“நிறுத்திட்டியா?” என்று என்னைக் கேட்டான்.

“நிறுத்திட்டேன்,” என்றேன்.

அவன் டைல்ஸைத் தண்ணீரில் ஊறப்போடப் பின்பக்கம் போனான்.

கழுவிய சுவர் இன்னும் ஈரமாக இருந்தது. அண்ணி ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே கொத்தினாள். பிறகு பாட்டு நின்றது.

அண்ணன் ஓடி வந்தான். “மெயினை நிறுத்துடி,” என்றான். என் கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. இன்னொரு முறையும் சொன்னான். கொஞ்சம் பொறு என்று மனதுக்குள் சொன்னேன். அவன் அடுப்படி வாசலிலேயே நின்றிருந்தால் போதும். அவள் அடங்கியதும் நானே நிறுத்தியிருப்பேன். அவனும் நானும் பழையபடி இருந்திருப்போம்.

மரக்கட்டையால் தள்ள வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் எதையும் தேடவில்லை. வெறுங்கையால் அவளிடமிருந்து உளியைப் பிடுங்கினான். அவள் விழுந்தாள். உளி சுவரிலேயே, அவன் கையோடு நின்றுவிட்டது.

நான் நிறுத்தினேன். நேரம் கடந்திருந்தது.

அண்ணி பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சுவிட்சுல ஏதோ கோளாறு. நீ என்ன பண்ணுவே, பாவம். இனிமே உன்னை எங்கயும் அனுப்ப மாட்டேன். எனக்கு நீ, உனக்கு நான்.”

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் பக்கத்தில்தான் படுக்கிறாள். தூக்கத்தில் என் கையைத் தேடிப் பிடிக்கிறாள். உளி பிடித்த அவள் உள்ளங்கையில் இன்னும் தோல் ஆறவில்லை. விடுவித்துக்கொண்டால் மறுபடி தேடுகிறாள். அந்தக் கைக்குப் பயந்துதான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என்னைக் காணாமல் தேடிக்கொண்டு வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை உள்ளே விடாதீர்கள். நீங்களே போய்ப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், ஐயா. மனசு உடைந்துவிடாமல் சொல்லுங்கள். அண்ணன் அவளால்தான் செத்தான் என்று.