குறி தவறிய விதெக்

லிபுஷே: கீழ வைங்க விதெக் அண்ணே. துப்பாக்கிக் குழலை என் பக்கம் காட்டாதீங்க.

விதெக்: காலியாத்தானே இருக்கு...

லிபுஷே: இந்தக் கடையில காலியா இருக்கறது கல்லாப்பெட்டி மட்டும்தான். மத்ததையெல்லாம் உள்ள தோட்டா இருக்கற மாதிரியே பிடிக்கணும். லைசென்ஸ் பரீட்சையில முதல் கேள்வியே இதுதானே?

விதெக்: ஆமா. மூணு தடவையும் கேட்டாங்க.

லிபுஷே: மூணு தடவை எழுதினீங்களா...

விதெக்: பாஸ் பண்ணிட்டேன்ல, விடு. இது அந்தக் காலத்து நம்ம ராணுவக் கைத்துப்பாக்கிதானே? ஐம்பத்திரண்டாம் வருஷத்து மாடல்?

லிபுஷே: அதேதான். ராணுவம் கழிச்சுப் போட்டது. வெளியில ரெண்டு கீறல், சுட்டா சத்தம் ஜாஸ்தி. உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்.

விதெக்: விலையைச் சொல்லு.

லிபுஷே: ஏழாயிரம் கொரூனா.

விதெக்: கைப்பிடி உடைஞ்சிருக்கே.

லிபுஷே: உடைஞ்சதை ஒட்டியாச்சு. ஒட்டாதது வேணும்னா, அதோ ஜெர்மன்காரனோடது. நாப்பதாயிரம். எடுக்கட்டுமா?

விதெக்: வேணாம்மா. அதை வாங்கிட்டுப் போனா என் வீட்டுக்காரி ஹெத்விகா என்னைத்தான் கண்ணாடிப் பெட்டியில வைப்பா.

லிபுஷே: ஓ... இது கண்ணாடிப் பெட்டிக்கா?

விதெக்: வைக்கவும்தான், சுடவும்தான். கிளப்புல சேர்ந்துட்டேன். அட்டையில குறி பார்த்துச் சுடறது.

லிபுஷே: அறுபத்திமூணு வயசுல. ஊர்ல எல்லாரும் காளான் பொறுக்கப் போறாங்க...

விதெக்: எனக்குக் காளான் ஒத்துக்காது.

லிபுஷே: உங்களுக்கெல்லாம் எதுக்குண்ணே பயிற்சி? எல்லைக் காவல்ல இருந்தப்ப ஐம்பது அடி தள்ளி நின்னு பீர் பாட்டில் மூடியைத் தெறிக்க விடுவீங்களாமே.

விதெக்: யார் சொன்னா?

லிபுஷே: பீர்க்கடையில.

விதெக்: அங்க மூணாவது கிளாஸுக்கு அப்புறம் எல்லாரும் எல்லாத்தையும் சொல்லுவாங்க. நான் ஜீப் ஓட்டினேன். ரெண்டு வருஷத்துல பத்துத் தோட்டா கொடுத்திருப்பாங்க, பயிற்சின்னு.

லிபுஷே: அடக்கம். பேப்பர்ல வந்ததே உங்களைப் பத்தி. தொண்ணூறுல. எழுபத்தஞ்சுல ஆட்சிக்குப் பயந்து எல்லை தாண்டி ஓடின ஓத்மார், ஜெர்மனியிலேர்ந்து எழுதலையா? 'விதெக் நினைச்சிருந்தா என்னைச் சாய்ச்சிருக்கலாம். வேணும்னே மரத்துல சுட்டான்'னு. எங்கப்பா அதைப் படிச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

விதெக்: உங்கப்பா வானிலை அறிக்கை படிச்சாலே கண்ணைத் துடைப்பார்.

லிபுஷே: மேயர் கேடயம் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஓத்மார் ஒயின் அனுப்பறார். நல்ல ஒயினா?

விதெக்: ஒயின் மாதிரிதான் இருக்கும்.

லிபுஷே: என்னண்ணே, முகம் தொங்கிப்போச்சு...

விதெக்: சனிக்கிழமை அவன் வரான். கிளப் ஆண்டு விழாவுக்கு. நான் சுடறதைப் பார்க்கணுமாம். தலைவர் போஸ்டர்லயே போட்டுட்டான், 'இரக்கத்தின் கை'ன்னு.

லிபுஷே: ஐயோ பாவம். இன்னிக்குச் செவ்வாய். நாலு நாள்ல கத்துக்கப் போறீங்களா?

விதெக்: மறந்ததை ஞாபகப்படுத்திக்கப் போறேன்.

லிபுஷே: எங்க, அந்தச் சுவர்க் காலண்டரைக் குறி பாருங்க. இப்பக் காலிதான், நான் பார்த்துட்டேன். எந்தத் தேதியைப் பார்க்கறீங்க?

விதெக்: பதினாறு.

லிபுஷே: எனக்கு இங்கேர்ந்து பார்த்தா ஜூன், ஜூலை, பக்கத்துக் கடை எல்லாத்தையும் பார்க்கற மாதிரி இருக்கு. அவ்வளவு ஆடுது. எதிர்ல யானையை நிறுத்தச் சொல்லுங்க. நகராத யானையா.

விதெக்: சிரிக்காதே லிபுஷே.

லிபுஷே: சரி, சிரிக்கல. விட்டுடுங்களேன். கை வலின்னு சொல்லிடுங்க.

விதெக்: ஒரு தோட்டாவாவது நடுவுல படணும். படலைன்னா அவனுக்குப் புரிஞ்சுடும்.

லிபுஷே: என்ன புரியும்?

விதெக்: நான் மரத்துல சுடல.

லிபுஷே: அப்புறம்?

விதெக்: அவன் முதுகுல... நட்டநடு முதுகுல குறி வெச்சேன். இருபது வயசு. கமாண்டர் பின்னாலேர்ந்து கத்தறார். நான் என்ன மரத்தைக் கண்டேன், மண்ணைக் கண்டேன். அவன் விழுந்தான். தடுக்கி விழுந்தான்னு நெனச்சேன். எழுந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அதுக்கப்புறம் எனக்குக் கை வரல. ஓடிட்டான்.

லிபுஷே: பேப்பர்ல வந்தப்பவே சொல்லியிருக்கலாமே.

விதெக்: மேயர் கேடயத்தோட வாசல்ல நிக்கறார். ஹெத்விகா புதுச் சட்டையை இஸ்திரி போட்டு வெச்சிருக்கா. 'ஐயா, எனக்குச் சுடத் தெரியாது, அவ்வளவுதான்'னு சொல்லவா? இருபத்தெட்டு வருஷமா அவன் ஒயினைக் குடிக்கறேன். ஒரு வாய் கூட நேரா இறங்கினது இல்ல... என்ன, ஏதாவது கேலி பண்ணேன். இவ்வளவு நேரம் பண்ணினே.

லிபுஷே: ஓத்மார் நேத்தே வந்துட்டார்ண்ணே. இங்க வந்து இதே மாடலைக் காட்டச் சொன்னார். அன்னிக்கு மாட்டியிருந்த முதுகுப் பையையும் கொண்டு வந்திருந்தார். நட்டநடுவுல ஓட்டை. உள்ள அவர் செருப்புத் தைக்கிற இரும்புக் கட்டை இருந்ததால பிழைச்சாராம். 'பாவம், அவனை மத்தவங்க தூத்துவாங்களேன்னு மரம்னு எழுதிட்டேன், அவன்கிட்ட சொல்லிடாதே'ன்னார். அப்ப எதுக்கு ஒயின்னு கேட்டேன். 'ஒண்ணுதான் சுட்டான். சுடாத ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு பாட்டில்'னார். இதுல எட்டு தோட்டா போடலாம்னு சொன்னேன். மனுஷன் தலையில கை வெச்சுக்கிட்டார். 'எட்டா? ஆறுன்னு நெனச்சு இத்தனை வருஷமா அஞ்சு பாட்டில்தானே அனுப்பிட்டிருந்தேன்'னார்.