பெயர் வைக்காத சர்வர்

நூலகத்துக் கணினிகளுக்குப் பெயர் வைப்பது அந்தந்த நூலகரின் பொறுப்பு; மேலிடத்தின் ஒப்புதல் தேவையில்லை. விதி இவ்வளவுதான். விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த நூலகருக்கு அது தெரியவில்லை. பக்கத்தில் அவருடைய உதவியாளர் கொதித்துக்கொண்டிருந்தார்.

“பழைய சர்வருங்களுக்கு ஜாடி, குவளைன்னு நம்ம ஆபீஸ்லயேதான சார் பேரு வெச்சாங்க? இதுக்கு மட்டும் எதுக்கு மேல எழுதிக் கேட்டீங்க?”

“நீ பீங்கான்னு வெக்கச் சொன்ன. உடையற சாமானை ஏன் வாங்குனீங்கன்னு ஆடிட்ல கேட்டா?”

“ஜாடி மட்டும் இரும்புலயா சார் செஞ்சிருக்குது?”

“அது எனக்கு முன்னாடி இருந்தவரு வெச்சது. அவரு பதில் சொல்லிக்குவாரு.”

“பொட்டியக்கூட பிரிக்காம கெடக்குது சார். வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணுங்க மங்கலம்பேட்டையிலேர்ந்து தெனம் வருதுங்க. அதுல மாதிரித் தேர்வு எப்பக்கா எழுதலாம்னு என்னத்தான் கேக்குதுங்க.”

“பேரு இல்லாம நெட்வொர்க்ல சேராதேம்மா.”

“அப்ப ஒரு பேர வைங்க சார்.”

“பதில் வரட்டும்.”

சில வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மாலை, அதே பஸ்ஸில் அதே இருவர். நூலகர் முகத்தில் வெற்றிக்களை.

“பதில் வந்துடுச்சும்மா! பேர நாமளே முடிவு பண்ணிக்கலாமாம்.”

உதவியாளர் அவர் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பொண்ணுங்க பரீட்சை என்னிக்கு சார் முடிஞ்சுது?”

“நேத்து.”

“பதிலு?”

“இன்னிக்கு.”