வேலப்பனின் மண்வெட்டிப் பிடி

ராத்திரி பதினொன்றரை. திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் பைபாஸ்... ஒரு லாரிகூட இல்லை. நம்ம சத்தியதாஸின் மச்சினன் ராஜையனுக்கு நடந்தது இது. நெருங்கி உட்காருங்கள்.

ராஜையனுக்குக் கரமனையில் மரம் கடையும் பட்டறை. அன்று காலையில் காண்ட்ராக்டர் ஸ்ரீஜித் தன் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கி, ஒரு மண்வெட்டிப் பிடியை மேஜைமேல் போட்டான்.

"அண்ணாச்சி, இதுல என் கார் கியர் கம்பிக்கு ஒரு நாப் கடைஞ்சு தா. இந்த மினுசம் எந்த பாலிஷ்லயும் கிட்டாது கேட்டோ."

பிடியின் கீறலில் செம்புக் கம்பி. அதைச் சுற்றிக் கொடுத்தவனே ராஜையன்தான். பதினொரு வருஷம் வேலப்பனின் உள்ளங்கை தேய்த்த மினுக்கம் அது. குழி வெட்டுகிற வேலப்பன், ராஜையனோடு ஒரே அறையில் தங்கியவன். ஆறு மாசத்துக்கு முன் ஸ்ரீஜித்தின் ஃபிளாட்டுக்குக் குழி தோண்டப் போனான்... வரவில்லை. சொல்லாமல் ஓடிவிட்டான் என்றார்கள். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஊரில் அவன் பெண்டாட்டி இசக்கிசெல்வி கிடக்கிறாள்.

"இது வேலப்பனுக்க பிடில்லா மொதலாளி. ஓடிப்போறவன் இத விட்டுட்டா போவான்?"

"ஓடி முங்கினவன் பேச்சு எதுக்கு? இது வெறும் கட்டை. பணியைப் பாரு."

 மாட்டேன் என்றால் பிடி வேறு பட்டறைக்குப் போய்விடும். ராஜையன் அதைக் கடைசல் லேத்தில் மாட்டினான். உளி பட்டதும்... மர வாசனை வரவில்லை. நனைந்த செம்மண் வாசனை. விழுந்த சீவலெல்லாம் ஈரம்.

ராத்திரி, கடைந்த நாபைக் காரில் திருகி இறுக்கிக் கொடுத்தான். "ஏறு, ஓட்டிப் பார்க்கலாம்" என்றான் ஸ்ரீஜித்.

பைபாஸில் மூன்றாவது கியர்... நான்காவது... ஸ்ரீஜித்தின் இடது கை நாபின் மேலேயே இருந்தது.

"அண்ணாச்சி... பிடிச்சிருக்கு."

"எது?"

"ஒரு... கை."

டக். கியர் தானாக விழுந்தது. பிரேக்கை மிதித்தான், நிற்கவில்லை. ஸ்டீயரிங் தானாக வளைந்தது. கட்டி முடியாத அந்த ஃபிளாட்டின் அடித்தளத்துக்குள் இறங்கி, வண்டி அணைந்தது.

"கைய ஊரி எடு அண்ணாச்சி! விரல் நொறுங்குது!"

ராஜையன் கையை நீட்டவில்லை. "அவன எங்க வச்சிருக்க? சொல்லுலே!"

"மண்ணு இடிஞ்சு விழுந்துச்சு... வேல நின்னுபோகும்னு... மேல கான்கிரீட் போட்டு... அந்தா, அந்தத் தூணுக்கு அடியில!"

"போடும்போது உசிரு இருந்துதா?"

ஸ்ரீஜித் தூணிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். கை விடுபட்டது. நாலு விரலும் கறுத்திருந்தன.

அப்போதுதான்... சரக்... சரக்... தரைக்கு அடியிலிருந்து யாரோ மண் வெட்டும் சத்தம். அவன் காட்டிய அதே தூணுக்கு அடியில்.

ராஜையன் முட்டுப் போட்டுத் தரையில் காதை வைத்தான். சரக்... அடுத்த தூணுக்கு அடியிலும். சரக்... அதற்கப்பால், மூலையிலும்.

ஸ்ரீஜித் ஒருவனைத்தான் சொல்லியிருந்தான்.