சீரியல் மாமியாருக்கு எந்த ஊர்?

ஊர்ப் பெயர் எழுதாத மனுக்களைத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவன் நான். டிவி சீரியல் குடும்பங்களுக்கு மட்டும் ஏன் எந்த ஊரும் இருப்பதில்லை என்பது, மாட்டுத்தாவணியில் கொட்டாம்பட்டி பஸ் கிளம்பக் காத்திருந்தபோதுதான் விளங்கியது. முன் சீட்டில் சீரியலுக்கு வசனம் எழுதும் ஒருவர். பக்கத்தில் அவருடைய நண்பர்.

“மருமக வச்ச கொழம்புல உப்பை அள்ளிக் கொட்டுற மாமியாருக்கு, எதுக்கு மாப்ள கொட்டாம்பட்டின்னு ஊர் வச்ச?” என்றார் நண்பர்.

“சும்மா ஒரு பேரு இருக்கட்டுமேன்னு வச்சேன். அந்த ஊர்லதான் எங்க மாமியா இருக்காக. அவுகளைத்தான் எழுதிட்டேன்னு ஊரே சிரிக்குதாம். எம் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அங்க போயி உக்காந்துட்டா. கூப்பிடத்தான் போறேன்.”

“ஊர் பேரை எடுத்துர்றேன்னு சொல்ல வேண்டியதுதான?”

“போன்ல சொன்னேன். எடுக்க வேணாமாம். பரவைன்னு மாத்துனாத்தான் வருவாளாம்.”

“பரவையில யாரு இருக்கா?”

“எங்க அம்மா.”

“அவுக சும்மா இருப்பாகளா?”

வசனகர்த்தா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“என்னத்தச் சொல்ல மாப்ள. நெசமா உப்பைக் கொட்டுனதே அவுகதான்.”